புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு ரயிலில் போங்க, மிச்சத்தை நடந்திடுங்க

விழுப்புரம் பக்கமிருந்து வர்றவங்களுக்கு ரயில்தான் நல்லது. விழுப்புரம் சந்திப்பில் ஏறினா சுமார் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. வண்டிகள் குறைவு, அதனால திரும்புற ரயிலின் நேரத்தை முதலிலேயே பார்த்து வெச்சுக்கோங்க. கடலூர்க்காரங்க மட்டும் பஸ்ஸிலேயே வாங்க. நேர் ரயில் பாதை கிடையாது. விழுப்புரம் சுற்றி வந்தா பாதி நாள் போயிடும்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ தேடவே வேண்டாம். வெளியே வந்து சுப்பையா சாலையில் இடப்பக்கம், அதாவது கடலுக்கு எதிர்த்திசையில், நடங்க. இருதய ஆண்டவர் பசிலிக்கா வழியில்தான் இருக்கு. வண்ணக் கண்ணாடி சன்னல்கள் அவ்வளவு அழகு, உள்ளே போய் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க. அப்படியே மேற்கே போனா பூங்கா. பழைய பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கேன்னு கேட்டா யாரும் வழி சொல்வாங்க. பெரியவங்களும் குழந்தைகளும் நடக்கக்கூடிய தூரம்தான்.

1826இல் பிரெஞ்சுக்காரங்க அமைச்ச தோட்டம் இது. பல நாட்டு மரங்களைக் கொண்டுவந்து வளர்த்திருக்காங்க. பெயர்ப்பலகைகளைப் படிச்சுக்கிட்டே மெதுவா நடக்கணும், ஓடி ஓடிப் பார்க்கிற இடமில்லை. வெயில் ஏறும் முன் காலையில் போயிடுங்க. தண்ணி பாட்டிலும் தொப்பியும் கையில் இருக்கட்டும்.