ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்: வசந்த கால வெள்ளத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனி உருகுவதால் வரும் வசந்த கால வெள்ளம், திடீர் மழையால் வரும் வெள்ளத்தைப் போலன்றி, பெரும்பாலும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது, அந்தப் பனிக்குள் எவ்வளவு நீர் அடங்கியிருக்கிறது, குளிர் தொடங்கியபோது மண் எவ்வளவு ஈரத்தோடு உறைந்தது என்பவற்றைக் கணக்கிட்டு, வெள்ள முன்னறிவிப்பாளர்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே எச்சரிக்கை விடுக்கிறார்கள். இவ்வளவு அவகாசம் இருந்தும் வீடுகள் சேதமடைகின்றன என்றால், அதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. கரையைத் தாண்டி வரும் நீரை மட்டுமே வெள்ளம் என்று எண்ணி, முற்றத்துப் பனியிலிருந்தும் சுவரை ஒட்டிய மண்ணிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் வரும் நீரை மறந்துவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் என்பது என் கருத்து.

முதலில் சொந்த முற்றத்தையே எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் நடைபாதையிலிருந்து வாரிய பனியைச் சுவரோரமாகக் குவித்து வைப்பது பலருடைய வழக்கம். 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட ஒரு குவியலில் 5 கன மீட்டர் பனி இருக்கும். குளிர்காலக் கடைசியில் இறுகிப்போன பனியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர் என்று வைத்துக்கொண்டாலே, அது 1,500 லிட்டருக்கு மேல் வரும். கீழே உள்ள மண் இன்னும் உறைந்திருப்பதால் அந்த நீர் ஆழத்துக்கு இறங்க வழியில்லாமல், சற்றே இளகியிருக்கும் அடித்தளச் சுவரை ஒட்டியே இறங்குகிறது. ஆறு பல கிலோமீட்டர் தள்ளி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலவறையில் ஈரம் கசிவதற்கு இதுவே காரணம். உருகல் தொடங்குவதற்கு முன்பே சுவரிலிருந்து பனியை அகற்றித் தள்ளிப்போடுவதும், கூரை நீர்க்குழாயின் முனையைக் குறைந்தது 2 மீட்டர் வெளியே நீட்டிவைப்பதும், தெருவோர வடிகால் மூடியைப் பனிக்கட்டியிலிருந்து விடுவிப்பதும் காசு செலவில்லாத வேலைகள். அதனாலேயே அவை அலட்சியப்படுத்தப்படுகின்றன என்று தோன்றுகிறது.

நிலவறை உள்ள வீடுகளில் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருந்தால் போதும் என்று நம்புவது அடுத்த தவறு. அந்தப் பம்ப் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்திருக்கும். ஒரு வாளி நீரைக் குழிக்குள் ஊற்றி, மிதவை எழும்புகிறதா, மோட்டார் தானாக இயங்குகிறதா, நீர் உண்மையிலேயே வெளியே போய் விழுகிறதா என்று மூன்றையும் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாகும். மூன்றாவதைப் பார்ப்பதற்குப் பலர் வெளியே போவதில்லை. ஆனால் வசந்த காலத்துக்கே உரிய கோளாறு அங்குதான் ஒளிந்திருக்கிறது. வெளியேற்றுக் குழாயின் வாய் பனியில் புதைந்தோ உள்ளே உறைந்தோ இருந்தால், மோட்டார் வீணாக ஓடி எரிந்துபோகும். வெள்ளக் காலத்தில் மின்சாரம் தடைபடுவதும் வழக்கமே என்பதால், பேட்டரியில் இயங்கும் மாற்றுப் பம்ப் இல்லாத ஏற்பாட்டை முழுமையானது என்று சொல்ல முடியாது.

கழிவுநீர்க் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆற்று நீரும் நிலத்தடி நீரும் ஊரின் கழிவுநீர்க் கால்வாய்க்குள் புகும்போது, அது தன் கொள்ளளவை மீறி, வீடுகளை நோக்கிப் பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. இதைத் தடுக்கப் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்துகிறார்கள்; ஆனால் பொருத்திய பிறகு அதைத் திறந்தே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதன் மடலில் கழிவு சிக்கியிருந்தால் அது முழுமையாக மூடிக்கொள்ளாது. வால்வு சரியாக மூடிக்கொண்டாலும் அத்துடன் கவலை தீர்ந்துவிடுவதில்லை, ஏனெனில் மூடிய வால்வு வெளியிலிருந்து வரும் நீரை எப்படித் தடுக்கிறதோ அப்படியே வீட்டிலிருந்து போகும் நீரையும் தடுக்கிறது. அந்நேரத்தில் மேல்மாடியில் ஒருவர் குளித்தாலோ துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினாலோ, அந்த நீர் போக்கிடமின்றி நிலவறையின் தரை வடிகால் வழியாக மேலே வரும். ஆற்றின் பங்கு ஒரு துளியும் இல்லாமல் தம் வீட்டைத் தாமே மூழ்கடிப்பது என்பது இதுதான். வால்வு இல்லாதவர்கள் தரை வடிகாலை இறுக்கி அடைத்து அதன்மேல் பாரத்தை ஏற்றி வைப்பதும் ஆபத்தானதே. வெளியேற வழியில்லாத அழுத்தம் குழாய் இணைப்பையோ தரையையோ பிளக்கக்கூடும்.

இனி ஆற்றுக்கு வருவோம். உச்ச நீர்மட்டம் இவ்வளவு என்று அறிவிக்கப்படும் எண்ணை அசையாத உண்மையாக எடுத்துக்கொண்டு, தடுப்பை அந்த அளவோடு நிறுத்திவிடுவது கொடிய தவறு. 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், ரெட் ஆறு 49 அடி வரை உயரும் என்று முன்னறிவிக்கப்பட்டிருந்தது. நகரமும் அதற்கேற்பக் கரைகளை உயர்த்தியது. ஆறோ 54 அடியைத் தாண்டிச் சென்றது. நகரத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்க, நடுநகரில் பற்றிய தீ நீரால் சூழப்பட்ட 11 கட்டடங்களை எரித்தது. முன்னறிவிப்பு என்பது ஒரு மதிப்பீடு. அதற்கு மேலும் கீழும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் மேல் எல்லைக்கு ஆயத்தமாவதே அறிவு. அதோடு, அறிவிக்கப்படும் எண் அளவீட்டு நிலையத்தில் உள்ள மட்டத்தைத்தான் குறிக்கிறது. அந்த மட்டத்தில் தம் வீட்டுத் தரைக்கும் நிலவறைச் சன்னலுக்கும் நீர் எட்டுமா என்பதை முன்பே தெரிந்து வைத்திராதவருக்கு அந்த எண்ணால் பயன் ஒன்றும் இல்லை.

பனிக்கட்டி அடைப்பு உருவாகக்கூடிய ஆறுகளில் இந்த எண்ணுக்கும்கூட அவகாசம் இருக்காது. உடைந்த பனிப்பாளங்கள் வளைவிலோ பாலத்தடியிலோ சிக்கி அணைபோல் நின்றுவிட்டால், நீர்மட்டம் சில மணி நேரத்தில் மீட்டர் கணக்கில் ஏறிவிடும். வடக்கு நோக்கி ஓடும் ஆறுகளில் இது அதிகம். தெற்கே பனி உருகி நீர் புறப்பட்டுவிடும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். கனடாவின் ஃபோர்ட் மெக்மரி நகரில் 2020 ஏப்ரல் இறுதியில் அத்தபாஸ்கா ஆற்றில் ஏற்பட்ட அடைப்பு, ஏறக்குறைய 13,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேறச் செய்தது. இத்தகைய இடங்களில் வாழ்வோர் மணல் மூட்டைகளை நம்பிக் காத்திருப்பதைவிட, புறப்படுவதற்கான பையையும் வழியையும் முதலில் முடிவுசெய்துகொள்வது நல்லது.

மணல் மூட்டைகளில் நிகழும் தவறுகள் பல. பையை வாய்வரை நிரப்பினால் அது உருண்டையாகி, அடுத்த பையோடு பொருந்தாமல் இடைவெளி விடும். பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்பி, வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றையும் காலால் மிதித்து அமர்த்த வேண்டும். குளிரில் வெளியே கிடந்து கல்லாக உறைந்துபோன பைகள் எப்படி மிதித்தாலும் படியா என்பதால், அவற்றை உறையாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். பனியின் மீதோ பனிக்கட்டியின் மீதோ தடுப்பை எழுப்புவதும் பயனற்றது, ஏனெனில் அடியில் உள்ள பனி உருகியவுடன் நீர் அவ்வழியே புகுந்துவிடும். அடித்தளத்தின் அகலம் உயரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பதால், உயரத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் பைகள் மூன்று மடங்கையும் தாண்டிவிடும். கடைசி இரவில் இன்னும் ஓர் அடி உயர்த்தலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்குவதையும் தவிர்க்க வேண்டும், ஏறக்குறைய 2.5 மீட்டர் தள்ளி அமைத்தால் கசியும் நீரை இறைக்கவும் ஆள் நடமாடவும் இடம் கிடைக்கும். எந்த மணல் தடுப்பும் கசியும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, உள்பக்கத்தில் ஒரு பம்ப்பை வைத்திருக்க வேண்டும்.

நிலவறையில் எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அதைத் தரையோடு பிணைக்காமல் விடக்கூடாது. 1,000 லிட்டர் கொள்ளளவுள்ள காலித் தொட்டி முழுவதும் மூழ்கினால், நீர் அதை ஏறக்குறைய 1 டன் விசையோடு மேலே தள்ளும். குழாய் அறுந்து எஞ்சிய எண்ணெய் வெள்ளத்தில் கலந்தால், நீர் வடிந்த பிறகும் அந்த வீட்டில் குடியிருப்பது கடினம். பூச்சிமருந்து, வண்ணப்பூச்சு போன்றவற்றையும் மேல்தளத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

மின்சாரத்தில் தவறு என்பது பெரும்பாலும் நேரத்தைப் பற்றியது. மெயின் சுவிட்ச் நிலவறையில் இருந்தால், தரை உலர்ந்திருக்கும்போதே அதை அணைக்க வேண்டும். நீர் புகுந்த பிறகு அங்கே இறங்கக்கூடாது, மின்வாரியப் பணியாளரை அழைப்பதே வழி. ஜெனரேட்டரை வண்டிக் கொட்டகையிலோ சன்னலருகிலோ ஓட்டுவதால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகுந்து உயிரைப் பறிக்கும். அது வெளியே, வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: சாதாரண வீட்டுக் காப்பீடு ஆற்று வெள்ளத்தையும் கழிவுநீர்ப் பின்னோட்டத்தையும் தானாகவே உள்ளடக்கும் என்று எண்ணக்கூடாது. எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் உதவாது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு.

வெளியேறுமாறு ஆணை வந்த பிறகும் பம்ப்பைக் கவனித்துக்கொள்ள ஒருவராவது இருக்கட்டும் என்று தங்கிவிடுவதும், நீர் ஓடும் சாலையில் வண்டியை இறக்குவதும் உயிருக்கே உலை வைப்பவை. விரைந்து ஓடும் 15 சென்டிமீட்டர் நீர் வளர்ந்த ஆளையே வீழ்த்தும்; 30 சென்டிமீட்டர் நீரில் பல கார்கள் மிதக்கத் தொடங்கும்; 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் அடித்துச் செல்லப்படும்.

கடைசியாக, ஆயத்தத்தின்போதே வீட்டார் அனைவரும் பேசி முடிவுசெய்திருக்க வேண்டிய ஒன்று, நிலவறையில் புகுந்த நீரை எப்போது இறைப்பது என்பது. ஆறு வடிந்தவுடன் முழு வேகத்தில் இறைப்பதுதான் இயல்பான ஆசை. ஆனால் வெளியே மண் ஊறி நிற்கும்போது, நிலவறைச் சுவரின் வெளிப்புறத்தில் 2 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் அழுத்தம் இருக்கும். உள்ளே நிற்கும் நீர்தான் அதற்கு ஈடுகொடுத்துச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஒரே நாளில் எடுத்துவிட்டால் சுவர் உள்நோக்கிச் சரியலாம், தரை மேலெழும்பிப் பிளக்கலாம். வெள்ளத்தைத் தாக்குப்பிடித்த வீடு, அதைக் காப்பாற்ற வந்த பம்ப்பால் விழுவது இப்படித்தான். வெளியே நிலத்தின்மேல் நின்ற நீர் முழுவதும் வடிந்த பிறகு, சுமார் 30 சென்டிமீட்டர் மட்டும் இறைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவைத்து, மறுநாள் பார்க்க வேண்டும். நீர் அந்தக் குறியைத் தாண்டி ஏறியிருந்தால் வெளியே மண் இன்னும் வடியவில்லை என்று பொருள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்து, மீண்டும் அதே அளவு இறைத்துப் பார்க்க வேண்டும்.