அளவு நோட்டில் மனசையும் எழுதி வையுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 26 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். இடது மார்பில் கேன்சர் கட்டி வந்து, புதுச்சேரிக்குப் போய்க் கீமோ, ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடித்தாயிற்று. இப்போது நோய் திரும்பி வராமல் இருக்கத் தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை. உடம்புக்கு டாக்டர் இருக்கிறார். மனசுக்கு நான் செய்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதல் கீமோ ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்த அன்று ராத்திரி, சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்றே நினைத்தேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் கூப்பிடக்கூடத் தோன்றாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏற்றியது சிவப்பு மருந்து, ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் போகும் என்று மறுநாள்தான் தெரிந்தது. முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எனக்கு மிச்சமாகியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு முறையும் எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன்: இந்த மருந்தால் என்ன ஆகும், எத்தனை நாள் இருக்கும், எது நடந்தால் ஓடி வரணும்?

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லணும். கட்டி என்னவென்று என் மகனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் முதலில் சொன்னார்கள். அவன் 9 நாள் மறைத்தான். அந்த 9 நாளும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துப் பார்த்து, உண்மையைவிடப் பெரிதாக நானே கற்பனை செய்துகொண்டேன். "எதுவானாலும் என்கிட்டேயே சொல்லுங்க" என்று முதல் நாளே டாக்டரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

இனி நோட்டு. ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில், கீமோ ஏற்றிய நாளை 1 என்று போட்டு, அடுத்த கீமோ வரும்வரை 21 நாளுக்குக் கோடு போட்டேன். தினமும் ராத்திரி, மனசு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று 0 முதல் 10 வரை ஒரு எண். பக்கத்தில் தூக்கம், சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சுற்று எழுதியதும் கண்ணில் பட்டது: முதல் ராத்திரி தூக்கமே இல்லை, 4, 5ஆம் நாள் எதற்கெடுத்தாலும் அழுகை, 15க்கு மேல் தேவலை. நர்ஸிடம் காட்டினேன். வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு கொடுக்கிற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், அது இறங்கும்போது மனசும் இறங்கும் என்றார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதன் பிறகு 4, 5ஆம் நாளில் பணம், கல்யாணம் என்று எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை.

பார்க்க வருகிறவர்கள் விஷயம் தனி. சாத்துக்குடிப் பையோடு வந்து, "எங்க நாத்தனாருக்கும் இதேதான்" என்று ஆரம்பிப்பார்கள். கீமோ ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை பெரும்பாலும் ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளணு குறைந்திருக்கும். தொற்று சீக்கிரம் ஒட்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதனால் "கவுண்ட் குறைஞ்சிருக்குக்கா, பத்து நாள் கழிச்சு வாங்க" என்று சொல்வதில் பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. நிஜமாக உதவ வருகிறவருக்கு ஒரு வேலை கொடுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் ரசம் சாதம் கேட்டேன், சந்தோஷமாகச் செய்தார். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பவர்களிடம் இது தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

"அழாதே, தைரியமா இரு" என்பார்கள். அழுதால் கட்டி வளராது. இங்கே பக்கத்தில் திருவதிகையில், சூலை நோய் தாங்காமல் அப்பரே சாமி முன்னால் போய்க் கதறினார் என்றுதானே சொல்கிறோம்? நானும் அழுதேன். பயத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கினேன்: சாயந்தரம் 5 முதல் 5.30. விடியற்காலை 3 மணிக்கு வந்தால், கடை மூடுகிற நேரத்தில் வருகிறவரிடம் சொல்வதுபோல "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லி, நோட்டில் ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் படுப்பேன். சாயந்தரம் எடுத்துப் பார்த்தால் பாதி, டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வியாக இருக்கும்.

இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் ஒட்டாமல் இருந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மனசுக்கான சில மாத்திரைகள் டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும். கேன்சர் டாக்டருக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான அரசாங்க போன் டெலிமானஸ், 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

முடி கொட்டியதைவிட என்னை உடைத்தது விரல். பின்னால் வந்த கீமோக்களில் விரல்நுனி மரத்துப்போய், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணை உட்காரவைத்து, நான் வாயால் சொல்லச் சொல்ல அவள் தைத்தாள். கடை திறந்திருந்ததே போதுமாக இருந்தது.

ஆபரேஷன் காயம் முழுசாக ஆறிய பிறகு என் அளவை நானே எடுத்தேன். டேப்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் எழுதினேன். உங்கள் தையல்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஜாக்கெட்டின் உள்பக்கம், மார்பு எடுத்த இடத்தில், மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை, அதற்குள் பஞ்சு வைத்த திண்டு. வெறும் பஞ்சு என்றால் அந்தப் பக்கம் மேலே ஏறிவிடும். நடுவில் சின்ன முடிச்சாகக் கொஞ்சம் கடுகு கட்டி வைத்தால் கனம் சரியாக உட்காரும். துவைக்கும்போது திண்டை வெளியே எடுத்துவிடலாம்.