கர்ப்பத்தில் அஸ்பிரின் குளிசை: யாருக்கு, எப்போது, எப்படி

முதலில், கிளினிக் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், சரி, அயலுக்குச் சொல்லவேண்டாம், ஆனால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள். கர்ப்பத்தில் வரும் பிரஷர் நோயைத் தடுக்கத் தரும் இந்த அஸ்பிரின் குளிசையை 12ஆம் கிழமை அளவில், பிந்தினாலும் 16க்கு முன்பு தொடங்கினால்தான் நல்ல பலன்.

கருப்பைச் சுவரிலுள்ள சுருள் சுருளான சின்ன இரத்தக்குழாய்கள், வயலுக்குத் தண்ணீர் பாய வாய்க்காலை அகல வெட்டுவதுபோல, முதல் 20 கிழமைக்குள் அகன்று நஞ்சுக்கொடிக்கு இரத்தத்தைத் தாராளமாக விடவேண்டும். சிலருக்கு அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடும். பிறகுதான் பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், பிள்ளையின் வளர்ச்சி குன்றும். இரத்தத் தட்டுக்கள் (பிளேட்லெட்) திரொம்பொக்சேன் என்ற பொருளை உண்டாக்கும், அது குழாயைச் சுருக்கும், இரத்தத்தையும் உறையவைக்கும். குறைந்த அளவு அஸ்பிரின் அதைத் தடுக்கிறது. இது வருமுன் காக்கும் மருந்து, ஏறிய பிரஷரை இறக்காது.

எல்லாருக்கும் தேவையில்லை. முந்திய கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்கள், ஏற்கெனவே பிரஷர், சீனி, சிறுநீரக வருத்தம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் வருத்தம்) உள்ளவர்கள், இரட்டைப்பிள்ளை சுமப்பவர்கள் கிளினிக்கில் தாங்களாகவே வாய் திறந்து கேட்கவேண்டும். வயிற்றுப்புண், அஸ்மா, அஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அளவு வழக்கமாக 75 மில்லிகிராம், சிலருக்கு 150. 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து கூடிய தாய்மார் 150 மில்லிகிராமை இரவில் 36ஆம் கிழமைவரை எடுத்தார்கள், 37 கிழமைக்கு முன் பிரசவிக்கவேண்டி வரும் அளவுக்கான பிரஷர் நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள். பாமசியில் டிஸ்பிரின் (அதுவும் அஸ்பிரின்தான், அளவு கூடியது) வாங்கி உடைத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். எப்போது நிறுத்துவது என்பதையும் வைத்தியரே சொல்லட்டும். அஸ்பிரினால் வயிற்றில் இரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். இரும்புச்சத்துக் குளிசையாலும் கறுக்கும், அதற்குப் பயப்படவேண்டாம், ஆனால் தார்போல ஒட்டிக்கொண்டு நாறினால், அல்லது இரத்தம் பட்டால், உடனே காட்டுங்கள்.

அப்புறம் டெங்கு. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் மாரி மழையோடு அதுவும் வந்துவிடும், டெங்கில் அஸ்பிரின் இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சல் கண்டால் அன்றைய அஸ்பிரினைப் போடாமல், பரசிட்டமோல் மட்டும் போட்டுக்கொண்டு, அன்றே கர்ப்பிணி அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அஸ்பிரின் எடுக்கிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.