சுடும் விளையாட்டொன்றை உருவாக்குபவர் விளையாடியோரின் கருத்தைக் கேட்கும் முறை

திரை மேலிருந்து கீழாக நகர, விமானமொன்று சுட்டபடி முன்னேறும் பழைய ஆர்கேட் பாணி விளையாட்டை யாழ்ப்பாணத்தில் ஓர் அறைக்குள் இருந்து தனியே உருவாக்குபவருக்கு, முதலில் விளையாடிப் பார்க்க வாய்ப்பவர்கள் பெரும்பாலும் மச்சானும், ரியூசன் நண்பரும், பக்கத்து வீட்டுத் தம்பியுமே. அவர்களிடம் "எப்பிடி இருக்குது?" என்று கேட்டால் "நல்லா இருக்குதண்ணா" என்பார்கள். அன்பினால் வரும் அந்தப் பதிலை வைத்து ஒரு சன்னத்தின் வேகத்தைக்கூடத் திருத்த முடியாது. ஆகவே கருத்தைக் கேட்பதற்கு முன்னர், விளையாடுபவர் ஆட்டத்தில் எங்கே சாகிறார் என்பதைப் பாருங்கள்.

கொப்பியொன்றுடன் அவருக்குப் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி அமருங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு உயிர் போகும்போதும் கட்டத்தையும் எதிரியையும் குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் "எந்தச் சன்னம் பட்டது, வாறதைக் கண்டனியோ?" என்று கேளுங்கள். "கண்டனான், விலக நேரம் காணேல்லை" என்றால் அந்த இடம் கடினமானது, அதை விட்டுவைக்கலாம். "எங்கேயிருந்து வந்ததெண்டே தெரியேல்லை" என்றால் அது விளையாடுபவருக்கு இழைக்கப்படும் அநியாயம்; பெரும்பாலும் சன்னத்தின் நிறம் பின்னணியோடு கலந்திருக்கும், அல்லது வெடிப்பின் ஒளி அதனை மறைத்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்த வேலையின் முக்கால் பங்கு என்பேன்.

"பட்டும் சாகேல்லை" என்று ஒருவர் வியந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். 1997 இல் கேவ் நிறுவனம் உருவாக்கிய டொடொன்பாச்சி என்ற சுடும் விளையாட்டில் விமானத்தின் படம் பெரிதாக இருப்பினும் அடிபடும் பகுதி மிகச் சிறியது. சன்னத் திரளுக்கூடாக நுழைந்து செல்வது அதனாலேயே இயலுகிறது.

"விமானம் பிந்திப் போகுது" என்ற முறைப்பாடு வந்தால், நிரலில் கைவைக்க முன்னர் தொலைக்காட்சியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். வினாடிக்கு 60 சட்டகங்கள் (தனிப்படங்கள்) ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி, படத்தை மெருகூட்டுவதற்காகத் தொலைக்காட்சி சில சட்டகங்களைத் தாமதித்தாலே பழகிய கை அதை உணர்ந்துவிடும்.

"பழைய விளையாட்டு மாதிரி இல்லை" என்பவரிடம் எந்த விளையாட்டு என்று கேளுங்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த நம்கோவின் செவியஸை நினைப்பவர், வானில் வருவதற்கு ஓர் ஆயுதமும் தரையில் இருப்பதற்கு இன்னோர் ஆயுதமும் எதிர்பார்க்கிறார். 1984 இல் வந்த கப்கொம்மின் "1942" என்ற விளையாட்டை நினைப்பவர், இக்கட்டில் குட்டிக்கரணம் அடித்துத் தப்பும் வழியைத் தேடுகிறார். இருவரையும் ஒருங்கே திருப்திப்படுத்த முயன்றால் விளையாட்டு இரண்டுங்கெட்டதாகிவிடும்.

பொம்பர் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது. சோதனையின்போது ஒலியை ஹெட்போனில் மட்டும் கேட்கவிடுங்கள். அவர்களுள் ஒருவர் எழுந்து அப்பால் போனால் அதையும் கொப்பியில் எழுதுங்கள். அப்படியொரு மாலைக்குப் பின்னரே எனது விளையாட்டின் விமான ஒலியை முற்றாக மாற்றினேன்.

திருத்திய பின்னர் அதே ஆளிடம் அதே கட்டத்தைக் கொடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சொல்லாமல், முன்பு செத்த இடத்தை அவர் எப்படிக் கடக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.