எக்ஸ்காம் ஆட்டத்துக்கு யோசனை எழுதி அனுப்புகிறவர்களுக்கு

1994-இல் வந்த எக்ஸ்காம் என்ற கணினி ஆட்டத்தில், ஏலியன்களை எதிர்க்கப் பணம் கொடுக்கும் 16 நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. டர்பன்காரர்களான எங்களுக்கு அதில் தனிப் பெருமை. சாட்ஸ்வர்த்தில் இருக்கிற என் அக்கா மகன் எப்போது புது ஆட்டம் தொடங்கினாலும் முதல் தளத்தை நம் நாட்டில்தான் போடுவான். இப்போது நாங்கள் ஆடுவது, ஆர்வலர்கள் சேர்ந்து அந்த ஆட்டத்தைத் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்ற முறையில்) மறுபடி எழுதிய ஓப்பன்எக்ஸ்காம். சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் நேரத்தை மதித்து எழுத வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில், தீர்வைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "சண்டைத் திரை மோசம், மாற்றுங்கள்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. என் அக்கா மகன் எழுதியது இப்படி இருந்தது: "விமானத்தின் சாய்தளத்தில் நின்ற வீரனை வேலி வரைக்கும் நடக்கவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் ஏலியன் தெரிந்தது. சுடுவதற்கு நேர அலகு மிச்சமில்லை. கிளிக் செய்வதற்கு முன்பே நடைக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன்." (நேர அலகு என்பது ஒரு முறைக்கு ஒரு வீரனுக்குக் கிடைக்கும் அளவு. நடக்கவும் சுடவும் அதிலிருந்துதான் செலவாகும்.) இதைப் படிக்கிறவருக்குத் திரையே கண்முன் வந்துவிடும். எந்த இடத்தில், என்ன செய்யப் பார்த்தோம், எது தடுத்தது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

அனுப்புவதற்கு முன் அமைப்புகள் பக்கத்தை ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். அவன் கேட்டது அங்கே ஏற்கெனவே இருந்தது. போகும் வழியையும் அதற்கு ஆகும் செலவையும் முன்கூட்டியே காட்டும் வசதி அது. சரி, அதோடு யோசனை வீணாகிவிடவில்லை. "புதிதாக ஆடுகிறவர் கண்ணில் இது படுவதே இல்லை, முதலிலேயே காட்டுங்கள்" என்று சுருங்கியது. சின்ன வேலை என்றால் யாராவது எடுத்துச் செய்வார்கள்.

ஆட்டத்தின் போக்கையே மாற்றும் யோசனை வேறு விஷயம். ஒன்றைத் தொட்டால் பத்து அசையும். எடுத்துக்காட்டாக, ஆட்டத்தில் லேசர் பீரங்கி ஒன்றைச் செய்ய 1,82,000 டாலர் ஆகிறது, விற்றால் 2,11,000 கிடைக்கிறது. பட்டறை நிறைய ஆள் வைத்துவிட்டால் நாடுகள் தரும் மாதப் பணத்தை எதிர்பார்க்கவே வேண்டாம். "விற்பனை விலையைக் குறையுங்கள்" என்று ஒரு வரியில் எழுதலாம்தான். ஆனால் அப்புறம் ஆராய்ச்சிக்கும் புது விமானத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? அதையும் நீங்களே யோசித்து எழுத வேண்டும். ஆடியே பார்க்கலாம். ஓப்பன்எக்ஸ்காமின் விதிகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள், மாத அறிக்கை வரும் வரை ஆடுங்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். இரண்டு எண்களைச் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

கடினநிலையைச் சொல்லாமல் "ரொம்ப சுலபம்", "ரொம்பக் கஷ்டம்" என்று எழுதவே எழுதாதீர்கள். பழைய ஆட்டத்தில் ஒரு பிழை இருந்தது. எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் அது சத்தமில்லாமல் ஆகச் சுலபமான நிலைக்கு இறங்கிவிடும். சுலபமாக இருக்கிறது என்று ஆடியவர்கள் குறைப்பட்டார்கள். தயாரித்தவர்கள் காரணம் தெரியாமலே, கடலுக்கடியில் நடக்கும் அடுத்த ஆட்டத்தை (1995-இல் வந்தது) கடுமையாக்கிவிட்டார்கள். அதை ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலுக்கடியில் என்ன பாடு படுத்தும் என்று.

கடிதத்தோடு பதிப்பு எண், கடினநிலை, அந்த இடத்தில் சேமித்த கோப்பு, ஒரு ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை வையுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு யோசனை போதும். வேண்டாம் என்று பதில் வந்தால் வாதாட வேண்டியதில்லை. நீங்கள் மாற்றிய விதிக் கோப்பை மோடாக (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் மாற்றுத் தொகுப்பாக) போட்டு, விருப்பமுள்ளவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.