எண்பதைத் தாண்டினால் ஆடும் பழைய புல்லட்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய புல்லட் 350 வேகத்தில் ஆடுகிறது என்று எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும் முதல் பதில் ஒன்றுதான்: "கோன் செட் போய்விட்டது, மாற்றிவிடலாம்." கோன் செட் என்பது கைப்பிடி திரும்புவதற்காக அதன் தண்டில் இருக்கும் குண்டுகளும் கிண்ணங்களும். நானும் அதை ஒரே ஆண்டில் இரண்டு முறை மாற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு பின்சக்கரத்தில் இருந்தது. அதை உண்டாக்கியவனும் நானேதான். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்து வையுங்கள்.

ஓடும்போது ஆட்டம் தொடங்கினால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்க்காதீர்கள். முன் பிரேக்கையும் தொடாதீர்கள். முழங்கால்களால் டாங்கை அணைத்து, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறையுங்கள். கோளாறைத் தேடுகிறேன் என்று மறுபடி மறுபடி அதே வேகத்துக்குப் போய்ப் பார்ப்பது மடத்தனம். தேட வேண்டியதையெல்லாம் ஸ்டாண்டில் நிறுத்தியே தேடலாம்.

படி 1: ஆடியது எது?

நினைவுபடுத்திப் பாருங்கள். கைப்பிடி மட்டும் நொடிக்கு ஏழெட்டு முறை படபடவென்று அடித்துக்கொண்டதா? அப்படியானால் முதலில் முன்பக்கத்தைப் பாருங்கள். இல்லை, வண்டி முழுவதும் நொடிக்கு இரண்டு மூன்று முறை பாம்பு போல நெளிந்து, அதை இருக்கையில் உணர்ந்தீர்களா? அப்படியானால் பின்பக்கத்தில் தொடங்குங்கள். நான் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வண்டி நெளிந்தது. நான் முன்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி, கண்ணாடித் தடுப்பு, பின்னால் கட்டிய மூட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை மிதமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரம் தரையை அழுத்துவது குறையும். சிலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

படி 2: டயர்

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரி. பிறகு டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளங்கள் புதிதுபோல இருந்தாலும் பத்தாண்டு பழைய ரப்பர் கல்லாகியிருக்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடிய டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் வண்டி நேராக நிற்காது.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, விளிம்புக்கு அருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடுங்கள். ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டுங்கள். தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலிக்கும்.

படி 3: கோன் செட்

பட்டறைக்காரர் சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி முட்டுக் கொடுத்து, பின்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசையுங்கள். 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்வாக இருக்கிறது. அடுத்துக் கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நேராக இருக்கும் இடத்தில் வந்ததும் அதுவே ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால், குண்டுகள் கிண்ணத்தில் தடம் பதித்துவிட்டன என்று பொருள். அப்போதுதான் மாற்ற வேண்டும். வெறும் தளர்வுக்கு இறுக்கினால் போதும். அதிகம் இறுக்கினால் மெதுவாகப் போகும்போதே வண்டி இங்கும் அங்கும் அலையும்.

உங்கள் வண்டியின் கைப்பிடி நடுவில் ஸ்டீயரிங் டாம்பர் திருகு (கைப்பிடி திரும்புவதைக் கடினமாக்கும் திருகு) இருந்தால், அதை இறுக்கிச் சமாளிக்காதீர்கள். நோய் அப்படியே இருக்கும், வலி மட்டும் தெரியாது.

படி 4: பின்பக்கம்

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையே சக்கரத்துக்கு அருகே பிடித்து இடமும் வலமும் தள்ளுங்கள். ஆர்ம் அசைந்தால், அது சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங்.

பழைய புல்லட்டில் செயினை இறுக்க அச்சின் இரு பக்கமும் நத்தை வடிவ கேம் (விளிம்பில் பல் வெட்டிய தட்டு) இருக்கும். இரண்டும் ஒரே பல்லில் நிற்க வேண்டும். ஒருநாள் இரவு பஞ்சர் ஒட்டிவிட்டு அவசரத்தில் நான் வலது பக்கத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தேன். பின்சக்கரம் சற்றே திரும்பி ஓட, ஏற்கெனவே தேய்ந்திருந்த புஷ்ஷும் சேர்ந்துகொண்டது. ஒரு பல்லுக்கு இரண்டு கோன் செட்!

கேமின் பல்லை மட்டும் நம்ப வேண்டாம்; அதுவும் தேயும். கொத்தனார் நூலைப் பின் டயரின் பின்புறம் கட்டி, ஸ்டாண்டில் இடிக்காத உயரத்தில் இருபக்கமும் முன்னால் இழுத்து வாருங்கள். பின் டயரின் முன் விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் இருக்கும்வரை நூலின் முனைகளைச் சரிசெய்யுங்கள். இரண்டு டயரும் பழைய அளவான 3.25-19 என்றால், முன் டயரை நேராக வைத்ததும் நூல் அதையும் இருபக்கமும் உரசிச் செல்ல வேண்டும். பின்னால் 3.50 போட்டிருந்தால் முன் டயரின் இருபக்கமும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் இடைவெளி சமமாகத் தெரியும். ஒருபக்கம் மட்டும் விலகியிருந்தால் சக்கரம் கோணலாக இருக்கிறது.

பலர் மறப்பது எஞ்சின் போல்டுகளை. இந்த வண்டியின் சட்டத்துக்கு எஞ்சினுக்குக் கீழே குழாய் கிடையாது. எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதியாக நின்று தாங்குகிறது. அந்தப் போல்டுகள் தளர்ந்தால் சட்டமே நெளியும். எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள்.

படி 5: ஓட்டிப் பார்த்தல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, காலியான நேர்ச்சாலையில் ஐம்பதில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். ஆட்டத்தின் முதல் அறிகுறியிலேயே குறைத்துவிடுங்கள். எதை மாற்றியபோது எந்த வேகத்தில் தொடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நூல் மட்டும் ஒருபக்கம் விலகியே நின்றால், வண்டி எப்போதோ விழுந்து சட்டமோ போர்க்கோ வளைந்திருக்கலாம். அந்த நோட்டோடு சட்டம் நிமிர்த்தும் பட்டறைக்குப் போங்கள்.