முதல் குறள் வெண்பா: தளை தட்டாமல் எழுதும் வழி

வெண்பா எழுதத் தொடங்குகிறவர்கள் எதுகை தேடியே களைத்துப்போகிறார்கள். ஆனால் பாட்டு உடைவது பெரும்பாலும் தளையில்தான், அதாவது அடியின் துண்டுகளான சீர்கள் ஒன்றோடொன்று இணையும் இடத்தில். அதனால் இங்கே தளைக்குத்தான் அதிக இடம். குறில், நெடில், ஒற்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அசை பிரித்தல்

அசை என்பது சீரின் ஓசைத் துண்டு; நேர், நிரை என்று இரண்டு வகை. இடமிருந்து வலமாகப் போங்கள். நெடில் வந்தால் அங்கேயே அசை முடியும். பின்னால் ஒற்று இருந்தால் அதுவும் அதனுள் அடங்கும். அது நேர். குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். ஒற்று என்றால் நேர். குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரை. தொடரும் ஒற்றும் உள்ளே. தனிக்குறில் சீரின் கடைசியில் நின்றால் நேர்.

ஐகாரத்தில் கவனம் தேவை. சொல்லின் முதலில் வராத ஐ, குறில் போல அடுத்த எழுத்தோடு சேர்ந்துகொள்ளும். 'மாலையில்' என்பதை மா/லையில் என்று பிரிக்க வேண்டும்.

2. சீரும் தளையும்

சீரின் அசை அமைப்புக்குச் சூட்டிய பெயர்தான் வாய்பாடு: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். நிரை சேர்ந்தால் கனிச்சீர். வெண்பாவில் அதற்கு இடமே இல்லை.

தளைக்கு இந்த மூன்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும்.

3. ஈற்றுச் சீரை முதலில் பிடியுங்கள்

குறள் வெண்பாவில் முதலடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரும் உகரமும்), பிறப்பு (நிரையும் உகரமும்) ஆகிய நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். வான், கடல், பாட்டு, விளக்கு என்று வாய்பாட்டுக்குச் சில சொற்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசு, பிறப்பு இரண்டும் குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில், முடிபவை. 'விளைவு' போல முற்றியலுகரத்தில் முடிவது அரிதாகவே வரும்; முதல் பாட்டில் வேண்டாம்.

4. தப்பாக எழுதித் திருத்துதல்

யோசனை இதுதான்: மேகம் கூரையை நனைத்தால் குளிர்ச்சி, வேரை நனைத்தால் விளைச்சல். முதல் வரைவு:

கூரையை நனைத்துக் குளிர்பரப்பும் மேகம்
வேரை நனைத்தால் விளைச்சல்

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பிழைகள். கூ/ரையை கூவிளம், விளத்துக்குப் பின் நேர் வர வேண்டிய இடத்தில் 'நனைத்' என்ற நிரை நிற்கிறது. வேற்றுமை உருபை எடுத்துவிட்டால் 'கூரை' தேமாவாகிவிடும். தளை சரியாகும், பொருளும் கெடாது. உருபைத் தொகுப்பதுதான் எனக்குப் பிடித்த முதல் வைத்தியம்.

இரண்டாவது பிழை அடி திரும்பும் இடத்தில். தளையை அடிக்குள் மட்டும் பார்த்துவிட்டு, முதலடியின் கடைசிச் சீருக்கும் அடுத்த அடியின் முதற்சீருக்கும் இடையே பார்க்க மறந்துவிடுகிறார்கள். 'மேகம்' தேமா, பின்னால் வரும் 'வேரை' நேரில் தொடங்குகிறது. 'கார்மேகம்' என்று ஆக்கினால் தேமாங்காய். காய்முன் நேர் சரி. மூன்றாவது, 'விளைச்சல்' ஈற்றுச் சீராக நிற்காது. 'விருந்து' நிற்கும்.

கூரை நனைத்துக் குளிர்பரப்பும் கார்மேகம்
வேரை நனைத்தால் விருந்து

கூ/ரை தேமா, நனைத்/துக் புளிமா, குளிர்/பரப்/பும் கருவிளங்காய், கார்/மே/கம் தேமாங்காய், வே/ரை தேமா, நனைத்/தால் புளிமா, விருந்/து பிறப்பு. உருபும் அடைமொழியும் உதவாத இடத்தில் ஒருபொருட்சொல்லை மாற்றிப் பாருங்கள்: 'மழை' நிரையில் தொடங்கும், 'மாரி' நேரில் தொடங்கும்.

5. எதுகை, மோனை

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். கூரை, வேரை பொருந்தும். 'கட்டு'க்குப் 'பட்டு' எதுகை, 'பாட்டு' ஆகாது. அடியின் கடைசியில் ஒரே ஓசை வருவது இயைபு, அது வெண்பாவுக்குக் கட்டாயமில்லை. மோனையை, அதாவது முதலெழுத்து ஒன்றுவதை, ஒன்றாம் சீரிலும் மூன்றாம் சீரிலும் வைத்தால் ஓசை அழகாக விழும்: கூரை, குளிர், வேரை, விருந்து. வே, வி இரண்டும் மோனையா என்று கேட்காதீர்கள், ஆம்: இ, ஈ, எ, ஏ ஓரினம்.

கருவி

கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கட்டத்துக்கு ஒரு சீர், அடியில் வாய்பாடு. இணையத்தில் 'அவலோகிதம்' என்ற யாப்பு மென்பொருள் இருக்கிறது. கையால் அலகிட்ட (அசை பிரித்து வாய்பாடு பார்த்த) பிறகு சரிபார்க்க மட்டும் அதைத் திறங்கள். முதலிலேயே அதை நம்பினால் காது பழகாது.

பின்சேர்க்கை: சந்தி

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓசை இடறுகிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். 'கேட்டு அறிந்தான்' என்று பிரித்து எழுதினால் இரண்டு சீர். தளைகூடச் சரியாக வரும். ஆனால் வாய்விட்டுப் படித்தால் குற்றியலுகரம் கெட்டு 'கேட்டறிந்தான்' என்று ஒரே கூவிளங்காய் ஆகிவிடும், அடியில் ஒரு சீர் குறையும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்த்து எழுதிய பிறகே அலகிடுங்கள்.

நேரிசை வெண்பாவுக்கும் தளை விதி இதுவே. நான்கு அடி, பதினைந்து சீர். இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல். முதலிரண்டு அடிகளின் எதுகையில் அது வர வேண்டும். கூரை, வேரை என்று தொடங்கினால் நீரை, ஊரை, தாரை போன்றவற்றில் எது பொருளோடு ஒட்டுகிறதோ அதை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்ற சீர்களை நிரப்புங்கள். எதுகைக்காக மட்டும் அங்கே ஒரு சொல்லைச் செருகினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.